கீழ்வீட்டுக்கு வந்த மூட்டைகள்

1988 தை மாதம், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின கிழமை, நாங்கள் பிலிமத்தலாவையிலிருந்து கண்டி நகரத்துக்குக் குடிவந்தோம். திகதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். வாங்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் எழுதாமல் அதை வாசிக்க எனக்கு மனம் வராது. ஆனால் குடிவந்த நாளை எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை. லொறியிலிருந்து எங்கள் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு வாசலில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. அந்த மூட்டையால் அந்த நாள் எனக்கு மறக்கவேயில்லை.

வீடு குளத்துக்கு மேலே ஏறும் தெரு ஒன்றில் இருந்தது. டாக்டர்மார், சட்டத்தரணிகள், பழைய தோட்டத்துரை ஒருவரின் விதவை, இப்படிப்பட்டவர்களின் தெரு அது. எங்களுடையது மட்டும் மேல் மாடி, கீழ் மாடி என்று இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடு. மேலே நானும் கணவரும் மகளும். கீழே யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. அந்தக் குடும்பத் தலைவர் அரசாங்கக் காரியாலயத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை ரீச்சர் என்று கூப்பிட்டார்.

வீட்டுச் சொந்தக்காரி பின்பக்க வளவு வீட்டில் குடியிருந்த முஸ்லிம் அம்மா. தெரு முழுக்க அவரை உம்மா என்றே அழைத்தது. முன்பு மேல்வீட்டில் இருந்தவர்கள் வாடகை கொடுக்காமல் இரவோடு இரவாகப் போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே வாடகை உறுதிதான் மகள். மூணு வருஷம். முற்பணம் முழுக்க முன்னாலேயே தரணும். ஒரு ஆக்கள் தராட்டி மத்த ஆக்கள் தரணும். இல்லாட்டி ரெண்டு பேரும் போகணும். பொறகு என்னோட கோவிச்சுக்கப் படாது."

என் வளையல்களும், கணவரின் சைக்கிளும், என் மாமனாரின் சேமலாப நிதியில் ஒரு பங்கும் அந்த முற்பணத்துக்குப் போயின. மாத வாடகையோ என் சம்பளத்தில் பாதி. பிலிமத்தலாவையில் இருந்ததைப் போல மூன்று மடங்கு. ஏன் போனீர்கள் என்று கணவரின் உறவுக்காரர்கள் கேட்டார்கள். நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு மாற்றம் கிடைத்திருந்தது. அந்த நாட்களில் கிளர்ச்சிக்காரர்கள் பெயரில் யாரோ ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினால் பஸ் ஓடாது, கடை திறக்காது. நடந்தே போகக்கூடிய தூரத்தில் வீடு இல்லாவிட்டால் வேலை இல்லை. இன்னொரு காரணத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் என் கணவர் கணக்கு எழுதிய பலசரக்குக் கடை எரிந்தபோது நாங்கள் அதன் பின்னறையில்தான் குடியிருந்தோம். அதற்குப் பிறகு பிலிமத்தலாவைக் கடைவீதியில் லொறி டயர் வெடித்தாலும் நான் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். குளத்துக்கு மேலே வந்த முதல் கிழமைதான் நான் வெளியே ஓட ஆயத்தமாக உடுத்த உடுப்போடு படுக்காமல் தூங்கினேன். அந்த வீட்டை விட்டு இனிப் போக முடியாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அந்தத் தெருவில் சீவிப்பது வேறு கணக்கு. தெருவின் அடியில் இருந்த கடைக்காரர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்லுவார். பிலிமத்தலாவையில் மரக்கறியோடு சும்மா போட்டுக்கொடுத்த கறிவேப்பிலைக்கு இங்கே காசு. ஆகவே சனிக்கிழமைகளில் பஸ் ஓடினால் நான் பழைய ஊர்ச் சந்தைக்கே போய்வந்தேன். முருங்கைக்காய் வெளியே தெரியாமல் துண்டு துண்டாக முறித்து, பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தக் கொண்டுவரும் பைக்குள் போட்டு, தெருவில் ஏறுவேன். துரையின் விதவை ஒருநாள், "சனிக்கிழமையிலும் எவ்வளவு வேலை உங்களுக்கு, பாவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பைக்குள் கத்தரிக்காய் நசுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை பாட்டுக்கும் நடுவில்தான் கீழ்வீட்டு மூட்டைகள்.

மாதம் தவறாமல் யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஒரு சாக்கு வரும். வாய் தடித்த ஊசியால் தைத்திருக்கும், மேலே மையால் பெயர் எழுதியிருக்கும். அதைத் திறக்கும் நாளில் மாடிப்படி வழியாக வாசம் மேலே ஏறிவரும். புழுங்கல் அரிசி, காய்ந்த செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய்ப் போத்தல், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், ஓலைக் குட்டானில் பனங்கட்டி, பருவத்தில் மாம்பழம். எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் தாயார் வறுத்து இடித்த மிளகாய்த் தூள், பழைய பால்மா டின்னில். அந்தக் குடும்பத்தில் ஒரு சம்பளம். எங்கள் வீட்டில் இரண்டு. உத்தியோகத்தர்களின் சம்பளப் படிகள் சுற்றுநிருபத்தில் வரும், நான் வாசித்திருந்தேன், அக்காவின் கணவருடையதும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்று. இருந்தும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு சோடி சப்பாத்து. அக்காவுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுச் சீலை. நான் மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு, என் சட்டையின் கையை இன்னொரு தரம் தைத்தேன்.

முதல் மூட்டை வந்த அன்றே அக்கா ஒரு பொட்டலத்தோடு படியேறி வந்தார்.

"ரீச்சர், கொஞ்சம் தூள். அம்மா அனுப்பினது. வைச்சுக் கறி காய்ச்சிப் பாருங்கோ."

"வேணாங்க அக்கா. எங்க வீட்டுல யாரும் காரம் சாப்பிட மாட்டாங்க."

உள்ளே கணவர் இருமினார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு சாப்பிடுகிற மனிதர் அவர். அக்கா போனதும் கேட்டார்.

"நம்ம வீட்டுல காரம் சாப்பிடாத ஆளு யாரு? எனக்கு அறிமுகப்படுத்தி வைக்கக் கூடாதா?"

மகள் அதைவிட மோசம். கீழே விளையாடப் போய், அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவாள். "அம்மா, கீழ்வீட்டுல வைக்கிற மாதிரி கறி வைங்கம்மா" என்பாள். ஏழு வயதுப் பிள்ளையின் நாக்குக்கூட என் பக்கம் இல்லை.

எனக்கு எரிந்தது மிளகாய்க்காக அல்ல. அவருக்கு மூட்டை அனுப்ப ஓர் ஊர் இருந்தது. தன் பெயரில் காணி, காணியில் கிணறு, கிணற்றடியில் மிளகாய்ப் பாத்தி. நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை அறைகளான லயத்தில் பிறந்தவள். அந்த அறை தோட்டத்துடையது. வாசலில் போட்ட கீரைப்பாத்திகூட யாரும் ஆட்சேபிக்காத வரைக்கும்தான் எங்களுடையது. எழுபதுகளில் என் சித்தப்பா குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவரும் மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு கையில் தோட்டத்தில் கொடுக்கும் தேயிலைத் தூள். தோளில் ஒரு கட்டு மிலாறு. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கிளைகள்தான் மிலாறு. லயத்து அடுப்புகள் எல்லாம் அதில்தான் எரியும்.

இரண்டாவது தரம் அவர் அந்தக் கட்டோடு தெருவில் ஏறி வந்தபோது, டாக்டர் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியது. நான் வாசலுக்கே போய் மறித்தேன்.

"அண்ணே, இந்தத் தெருவுல விறகுக்கட்டைத் தூக்கிட்டு வராதீங்க. இங்க எல்லாரும் கேஸ்லதான் சமைக்கிறாங்க."

"கேஸ்ல தேத்தண்ணி ருசிக்குமா?"

"ருசிக்கும். வராதீங்க."

அடுத்த மாதம் அவர் தேயிலைத் தூளை மட்டும் கொண்டுவந்தார். நடக்கும்போது சும்மா தொங்கிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தூளையும் நான் அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, விருந்தாளிகளுக்குக் கடைப் பக்கற்றிலிருந்து தேத்தண்ணி ஊற்றினேன்.

1989 முழுக்க ஊரடங்கும் கடையடைப்பும். ஆற்றில் மிதந்துவந்தவற்றைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசாத வருடம் அது. கடைகள் பூட்டியிருந்த நாட்களில் கீழ்வீட்டு அக்கா சாக்கைத் திறந்து தெருவுக்கெல்லாம் வெங்காயமும் அரிசியும் அளந்து கொடுத்தார். டாக்டர் வீட்டம்மாவே பாத்திரத்தோடு படியில் வந்து நின்றார். நான் போகவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாண் ரொட்டியும், வெங்காயம் வதக்கிச் செய்யும் சீனிச்சம்பலும். சீனிச்சம்பலுக்கு வெங்காயம் இல்லை. சீனி மட்டும் இருந்தது.

1990 ஆனியில் வடக்கில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை மூடியது. யாழ்ப்பாணத்து பஸ் வரவில்லை, ரயிலும் போகவில்லை. கண்டியின் பழைய ராச்சியத்தைப் பற்றி நான் கிடைத்ததெல்லாம் வாசித்திருக்கிறேன். கரையோரத்தைப் பிடித்தவர்கள் மலைநாட்டை மடக்க நினைத்தபோதெல்லாம் உப்பு வரும் வழியை அடைத்தார்கள். அதை வாசித்தபோது பாடமாக இருந்தது. இப்போது கண்ணுக்கு முன்னால், என் வீட்டுக்குக் கீழே, மிளகாய் வரும் வழி அடைந்துபோயிருந்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அந்த வாசம் படியேறி வராது.

அக்கா அசையவில்லை.

"ரெண்டு கிழமையிலை திறந்திடும் ரீச்சர். முந்தியும் இப்பிடித்தானே பூட்டினவங்கள்."

கடைசிச் சாக்கில் இருந்ததையும் அவர் வழக்கம்போலக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஆவணி பிறந்தபோது சாக்கு வெறுமையாகி, வெயிலில் உதறிக் காயப்போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தெருவடிக் கடைக்குப் போய், கையளவு பக்கற் ஒன்றோடு திரும்பி வந்தார். வாசலிலேயே அதைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"இதுக்கு இவ்வளவு காசோ? செங்கட்டியை இடிச்சு வைச்சிருக்கிறாங்கள்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு மிளகாயின் விலையே தெரியாது. அரிசியின் விலையும் தெரியாது. பதினைந்து வருடமாக அந்தச் சம்பளத்திலிருந்து சமையலுக்கு உப்பும் மீனும்தான் வாங்கியிருக்கிறார். மற்றதெல்லாம் சாக்கு. முதல் மாதம் ஊரில் அளப்பது போல எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினார். அடுத்த மாதம் பாதியிலேயே கேஸ் முடிந்து மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. நான் ஒவ்வொன்றையும் மேலே இருந்து ஆசையாகப் பார்த்தேன், ஒரு நாள் சாயந்திரம் என் கணவர் வந்து சொல்லும் வரைக்கும்.

"கீழ்வீட்டு ஐயா அடுத்த மூணு வருஷ முற்பணத்துக்குச் சேர்த்த காசுல கை வச்சுட்டாராம். பஸ் தரிப்பிடத்துல கண்டு சொன்னாரு. மார்கழிக்குள்ள அவங்க பங்கு சேராது."

ஒரே உறுதி. அவர்கள் தராவிட்டால் நாங்களும் போகவேண்டும். அடுத்த நாளே உம்மா வேலியோரமாக நின்று சொன்னார்.

"கொழும்புல இருந்து வங்கி மெனேஜர் ஒருத்தர் வந்து வீட்டைப் பாத்துட்டுப் போனார் மகள். முழு வீட்டையும் கேக்குறார். நான் உங்களுக்குத்தான் தாறேண்டு செல்லி இரிக்கிறேன். மார்கழிக்கு முந்தி குடுத்துருங்க என்ன?"

அன்று மாலை முதல் தடவையாகக் கூப்பிடாமலே கீழே இறங்கிப் போனேன். அக்கா குசினி அடுப்பருகே கதிரையில் உட்கார்ந்து, வெறும் பால்மா டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கலாம், பிலிமத்தலாவைச் சந்தையில் மரக்கறி பாதி விலை, அரிசியை என் கணவர் இப்போது வேலை செய்யும் மொத்தக் கடையில் எடுக்கலாம் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். பிறகு சலித்துப்போய்ச் சொன்னார்.

"கம்பஸிலை படிப்பிக்கிற ஆக்களும் இப்ப என்னட்டைத்தான் வந்து நிக்கினம் ரீச்சர். பேராதனையிலை இருக்கிற எங்கட சனத்துக்கு ஒருத்தருக்கும் தூள் இல்லை. உங்கட தூளிலை கொஞ்சம் தாங்கோ எண்டு கேக்கினம். நான் எங்கை போக?"

"வறுத்துக் குடுங்க. காசுக்கு."

அவர் டின்னை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தூளைக் காசுக்கோ? தூள் குடுக்கிற சாமான் ரீச்சர். விக்கிற சாமான் இல்லை. அம்மா அறிஞ்சா என்னை வீட்டுப் படி ஏற விடமாட்டா."

"சும்மா குடுத்தா உம்மா வீட்டையும் சும்மா குடுப்பாங்களா அக்கா?"

அவர் டின்னை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினார். ஆனால் அந்தச் சனிக்கிழமை என் கணவர் கடையிலிருந்து ஒரு சாக்குச் செத்தல் மிளகாயைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தபோது, அக்கா ஏற்கெனவே வறுக்கும் தாச்சியைக் கழுவி வைத்திருந்தார்.

வேலை இப்படிப் பிரிந்தது. மிளகாய்க் காம்பு கிள்ளுவது, மல்லி புடைப்பது, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவது, கடதாசியில் பரப்பி ஆறவிட்டுப் பொட்டலம் கட்டுவது எல்லாம் நான், பள்ளிக்கூடம் விட்ட பிறகு. வறுப்பது மட்டும் அக்கா. அடுப்படியில் அவர் என்னைத் தொடவிடவில்லை.

"வறுக்கிறதிலைதான் எல்லாம் இருக்கு ரீச்சர். அது கைக்கு வரவேணும்."

தூள் விற்றுப் போயிற்று. பேராதனையிலிருந்து கார்கள் எங்கள் தெருவில் ஏறின. அதைப் பார்த்து டாக்டர் வீட்டுத் திரைச்சீலை மறுபடி விலகியது, இந்தத் தரம் வேறு விதமாக. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். அக்காவின் கை. அக்காவின் பக்குவம். என் விரலில் மிளகாய் எரிச்சல் போகாமல், கொப்பி திருத்தும்போது கண்ணைத் தொட்டுவிட்டு அழுவேன். அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒருநாள் விரிவுரையாளர் ஒருவரின் மனைவி வந்து, பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இந்தப் பையை ஒருக்காக் காரிலை கொண்டுபோய் வைக்கிறீரோ?"

"ஐயோ, அவ எங்கட மேல்வீட்டு ரீச்சர்!" என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். நான் பையைக் கொண்டுபோய்க் காரில் வைத்தேன். வைத்துவிட்டுக் கதவையும் சாத்தினேன், கொஞ்சம் பலமாக.

தீபாவளிக்கு முந்தின கிழமை அக்காவுக்கு வவுனியாவிலிருந்து ஆள்மூலம் செய்தி வந்தது. அவருடைய ஊர்ச் சனம் வீடுகளை விட்டு வெளிக்கிட்டுவிட்டார்களாம். தாயார் எங்கே என்று தெரியவில்லை. பாதை தாண்டி வந்தவர்களை விசாரிக்க அவரும் கணவரும் வவுனியாவுக்குப் புறப்பட்டார்கள். பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். படியிறங்கும்போது அக்கா திரும்பிச் சொன்னார்.

"தீபாவளிக்குத் தூள் சொன்ன ஆக்களிட்டை ஏலாதெண்டு சொல்லிவிடுங்கோ ரீச்சர்."

அந்த ஓடர்தான் மற்ற எல்லாவற்றிலும் பெரியது. அதை விட்டால் மார்கழியில் கணக்கு எட்டாது. மண்ணெண்ணெய்க்கோ பங்கீட்டு வரிசை, அவ்வளவையும் வறுக்க எங்கள் கேஸ் போதாது. கணவர் ஹுன்னஸ்கிரியப் பக்கம் போகும் லொறிக்காரர் ஒருவரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் மத்தியானத்துக்கு முதல், தெருவின் நடுவால், தோளில் பெரிய கட்டோடு அண்ணன் ஏறி வந்தார்.

"என்ன தங்கச்சி, இப்ப மட்டும் தெரு பாக்காதா?"

"பாக்கட்டும். உள்ள வாங்க."

பின்வளவில் மூன்று கல் வைத்து மிலாறைக் கொளுத்தினேன். அது நின்று எரியும், சீறாது. தாச்சி மெதுவாகச் சூடேறும். கிழமைக்கணக்காக அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். மல்லி எந்த நிறத்தில் இறங்கியது, வெந்தயத்தை எப்போது கடைசியாகப் போட்டார், மிளகாய் மொறுமொறுத்தும் கறுக்காமல் இருக்கக் கரண்டியை எந்தப் பக்கம் திருப்பினார், கறிவேப்பிலையைக் கையில் நொறுக்கிப் பார்த்து எப்போது எடுத்தார். பொறாமையோடு பார்த்ததால் ஒன்றும் கண்ணுக்குத் தப்பியிருக்கவில்லை. நெடி ஏறித் தெரு முழுக்க இருமியது. உம்மாவின் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. அண்ணன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு விறகைத் தள்ளினார்.

"இதுக்குக் கொழுந்தே பறிக்கலாம்" என்றார்.

அரைத்து, ஆறவைத்து, கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். யார் வறுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் அக்கா திரும்பி வந்தார். தாயார் உயிரோடு இருக்கிறார், தென்மராட்சியில் சொந்தக்காரர் வீட்டில் என்று செய்தி கிடைத்திருந்தது. வீட்டையும் தோட்டத்தையும் பற்றி யாருக்கும் தெரியவில்லை. கேட்டு எனக்கு நெஞ்சு கனத்தது. கனத்த நெஞ்சுக்குள்ளேயும், தொலைப்பதற்கு அவருக்கு ஒரு தோட்டம் இருந்ததே என்று ஒரு மூலையில் எரிந்தது. பின்வளவில், நான் வறுத்த தாச்சியின் பக்கத்தில், அண்ணன் மிச்ச மிலாறை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரையே வெகுநேரம் பார்த்தார்.

"உங்கட அண்ணன் விடிய பஸ் ஏறினால் மத்தியானம் இங்கை நிக்கிறார். என்ன ரீச்சர்?"

"ஆமாங்க."

"நான் வவுனியாவிலை ரோட்டிலை நிண்டு வாற போற சனத்தின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு உங்களைப் பாக்க எரியுது. கோவிக்காதேங்கோ."

நான் கோவிக்கவில்லை. அந்த வார்த்தையை நான் பல நாள் வைத்து வைத்து எடுத்துப் பார்த்தேன். என்னைப் பார்த்து இந்த உலகத்தில் ஒருவருக்கு எரிந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆபரணம் அதுதான். அன்றைக்கு அலுமாரிக்குப் பின்னாலிருந்த தோட்டத்துத் தேயிலைத் தூளை எடுத்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "இதை எங்கை வாங்கினீங்கள்?" என்று கேட்டார். "ஊர்ல இருந்து வந்தது" என்றேன்.

தீபாவளி முடிந்த பிறகு கார்கள் மறுபடி வந்தன. முதலில் வந்தவர் விரிவுரையாளரின் மனைவி.

"என்னப்பா செய்தனீர் இந்தமுறை? அப்பிடியே ஊர்த் தூள். முந்தினது நல்லதுதான், ஆனால் இது என்ர அம்மா வறுத்த மாதிரிக் கிடக்கு. எனக்கு ரெண்டு மடங்கு வேணும்."

அக்கா கணக்கை எழுதினார். என் பக்கம் திரும்பவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நான் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன், நூல் முடிச்சைக் குனிந்து பல்லால் இறுக்கியபடி, சிரிப்பது தெரியாமல். அந்த மாதம் முழுக்க அக்கா வறுத்த தாச்சிகளில் மிளகாய் ஒருநாள் கறுத்தது, ஒருநாள் பச்சையாக இறங்கியது. மண்ணெண்ணெய் சரியில்லை என்றார். கலப்படம் என்றார். பின்வளவில் அடுக்கியிருந்த மிலாறைப் பற்றி அவர் பேசவேயில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்கழி நடுவில் இரண்டு பங்கையும் சேர்த்து ஒரே உறையில் போட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் உம்மாவின் விறாந்தைக்குப் போனோம். உம்மா எண்ணிப் பார்த்து, இன்னும் மூன்று வருடத்துக்கு என்று சொல்லி, உறையை இடுப்பில் செருகினார். மெனேஜர் இனிக் கொழும்பிலேயே இருக்கட்டும். நானும் மகளும் மறுபடி உடுப்போடு படுக்கத் தேவையில்லை. திரும்பி நடக்கப் போனபோது உம்மா கூப்பிட்டார்.

"மகள், தீபாவளிக்கு வறுத்தீங்களே, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினேனே, அந்தத் தூள்ல அரைக் கிலோ எனக்கும் வேணும். கந்தோர்ல வேலை செய்ற என்ட மகன்ட கூட்டாளிமாரும் கேக்குறாங்க. ஆனா அந்தத் தூள்தான் வேணும். இப்ப வாற வாசம் அது இல்லை. ரெண்டு பேர்ல ஆர் வறுத்தது அது?"

நான் தரையைப் பார்த்தேன். நானாகச் சொல்லப் போவதில்லை என்று உறுதியாக இருந்தேன். அவர் வாயால் வரவேண்டும்.

"ரீச்சர் வறுத்தது," என்றார் அக்கா. புளியங்காயைக் கடித்தவர் முகம்.

"அப்ப இனி ரீச்சரே வறுக்கட்டும். நல்லம்தானே, உங்களுக்கும் கஷ்டம் கொறையும்" என்று உம்மா அக்காவைப் பார்த்து அன்பாகச் சொன்னார்.

வரும் வழியில் அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அவருடைய வாசலில் நின்று, "வாறன் ரீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் படியேறிப்போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னேன், இரண்டாவது தரம் முகத்தோடு.

அடுத்த நாள் காலை, இன்னும் பனி விலகாதபோது, இருமிக்கொண்டே எழும்பினேன். பின்பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அக்கா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு மூன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். தாச்சியின் கீழே என் அண்ணன் அடுக்கிவைத்த மிலாறு நின்று எரிந்துகொண்டிருந்தது. கரண்டியை அவர் ஒரு கையால் திருப்பினார். மற்றக் கையை, நான் இறங்கி வந்தாலும் எட்டாதபடி, மிளகாய்ச் சுளகின் மேல் பரப்பி வைத்திருந்தார்.

நான் ஜன்னலைச் சாத்தவில்லை. அடுத்த முறை வரும்போது அண்ணனை இரண்டு கட்டுக் கொண்டுவரச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று அவருக்கு. மற்றது எனக்கு மட்டும்.